பயிற்சிக்குக் கிளம்பும் முன்: ஓட்டம் மட்டும் போதுமா?

12 அக்டோபர் 2024, கேள்வி

என் தம்பி அக்னிவீராக, அதாவது நான்கு ஆண்டு ராணுவ வீரனாக, தேர்வாகிவிட்டான். வயது 19. புதுக்கோட்டைப் பக்கம் கிராமம். தீபாவளி முடிந்ததும் திருச்சி ஆட்சேர்ப்பு அலுவலகத்தில் ஆஜராக வேண்டும், அங்கிருந்து குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்துக்கு அனுப்புகிறார்கள். காலையும் மாலையும் ஓடிக்கொண்டே இருக்கிறான். "ஓட்டம் இருந்தால் போதும், மற்றதை அங்கே சொல்லிக் கொடுப்பார்கள்" என்கிறான். ஆள்சேர்ப்புக்குப் பயிற்சி கொடுத்த அகாடமி மாஸ்டரும் அதையேதான் சொல்கிறாராம். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் விவரம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நான் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறேன். பட்டாளத்தில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?

12 அக்டோபர், இரவு, பதில்

ஓட்டம் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் தம்பி 1.6 கிலோமீட்டர் ஓடி, பீமில் தொங்கி, 9 அடிப் பள்ளம் தாண்டித்தான் தேர்வாகியிருக்கிறான். அங்கே போன பிறகு அவன் உடம்பைப் பார்த்துக்கொள்ள உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) இருக்கிறார். விடியும் முன்பே எழுப்பி ஓட விடுவார். வீட்டைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? "விவரம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த வரிதான்.

நானும் மெட்ராஸ் ரெஜிமென்ட்தான். என் பேட்சில் தென் மாவட்டத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஓட்டத்தில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் போவான். அவன் வீட்டில் கந்துவட்டிக் கடன். வாரா வாரம் இன்லேண்ட் லெட்டர் வரும். கடன்காரன் வாசலில் வந்து நின்றது, மாட்டை ஓட்டிக்கொண்டு போனது எல்லாம் அதில் இருக்கும். படித்துவிட்டு இரவெல்லாம் விழித்துக் கிடப்பான். காலையில் பரேடு மைதானத்தில் கட்டளை காதில் ஏறாது. ஃபயரிங்கிலும் தேறவில்லை. பின்னால் சேர்ந்த ஜூனியர் பேட்சுக்கு இறக்கிவிட்டார்கள். அவன் கால்கள் கடைசி வரை நன்றாகத்தான் இருந்தன.

வீட்டுக் கணக்கை முடித்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

13 அக்டோபர், காலை

முதலில் போன் நம்பர். சிரிக்க வேண்டாம், இன்றைக்கு இதுதான் பெரிய விஷயம்.

கிராமத்து வீடுகளில் பையனுடைய நம்பர்தான் எல்லாவற்றுக்கும் கொடுக்கப்பட்டிருக்கும். ரேஷன் கார்டு அவன் நம்பர். கேஸ் சிலிண்டர் பதிவது அவன் நம்பர். அப்பாவின் ஆதாரில் அவன் நம்பர். அப்பாவுக்கு பிஎம் கிசான் வந்தால் அதற்கு ஓடிபி வருவதும் அங்கேதான். அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறியதா என்று பார்த்துச் சொல்பவனும் அவன்தான். வங்கிக் கணக்கு, நூறு நாள் வேலைச் சம்பளம், எல்லாம் அந்த ஒரே போன்.

பயிற்சி மையத்தில் அந்தப் போன் அவன் கையில் இருக்காது. வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஞாயிறு மாதிரி ஒரு நாள், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் கொடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை வங்கியில் நிற்கும் அப்பாவுக்கு ஓடிபி வேண்டுமென்றால் அவன் பரேடு மைதானத்தில் நின்றுகொண்டிருப்பான். ரீசார்ஜ் முடிந்து பல நாள் கவனிக்காமல் விட்டால் சிம்மே போய்விடும்.

என் அக்கா மகன் போன வருடம் இன்னொரு படைப்பிரிவில் சேர்ந்தான். அவன் போன ஒரே மாதத்தில் வீட்டில் சிலிண்டர் பதிய முடியவில்லை, அப்பாவின் ஏடிஎம் கார்டு புதுப்பிக்க முடியவில்லை. அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள். பையன் ஊரில் இருக்கும்போதே செய்திருந்தால் ஒரு நாள் வேலை.

அதனால் இந்த வாரமே அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ ஒரு சிம் வாங்குங்கள். பட்டன் போன் போதும். ஆதார் மையத்துக்கு அப்பாவையும் அம்மாவையும் நேரில் கூட்டிப் போய் நம்பரை மாற்றுங்கள். அங்கே கைரேகை வைக்க வேண்டும், அதனால் அவர்களே வர வேண்டும். ஆதாரில் மாறிய பிறகு வங்கி, அப்புறம் கேஸ், ரேஷன். வரிசை முக்கியம், ஆதார் மாறாமல் மற்றது பல இடத்தில் நகராது. தீபாவளி நெருங்கினால் எந்த அலுவலகத்திலும் கூட்டம். நாளைக்கே தொடங்குங்கள்.

13 அக்டோபர், மாலை

அம்மாவுக்கு ஓடிபி என்றால் என்ன, யாருக்குச் சொல்லக் கூடாது என்பதையும் அவனே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். "உங்கள் மகன் இருக்கும் ராணுவ மையத்திலிருந்து பேசுகிறேன், பையனுக்கு அடிபட்டுவிட்டது, பணம் அனுப்புங்கள்" என்று போன் வந்தால் பதறாமல் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். பட்டாளத்தில் யாரும் வீட்டுக்குப் போன் செய்து பணம் கேட்க மாட்டார்கள்.

15 அக்டோபர்

தம்பிக்கு 21,000 வருமா 30,000 வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் ஆண்டு மாதம் 30,000. அதில் 9,000 சேவா நிதிக்கு (நான்கு ஆண்டு முடிவில் மொத்தமாகத் தரும் சேமிப்பு) போய்விடும், கையில் வருவது 21,000. நான்காம் ஆண்டில் 40,000, கையில் 28,000. பிடித்த பணத்துக்குச் சமமாக அரசும் போட்டு, நான்கு ஆண்டு முடிவில் வட்டி சேர்க்காமல் 10.04 லட்சம், வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கையில் வரும். அதற்கு வருமான வரி கிடையாது. பென்ஷன், கிராஜுவிட்டி இல்லை.

இந்தக் கணக்கைத் தம்பியைவிட உங்கள் அப்பாவுக்கும் சித்தப்பா பெரியப்பாக்களுக்கும் சொல்ல வேண்டும். "மாதம் முப்பதாயிரம், கடைசியில் பன்னிரண்டு லட்சம்" என்று ஊரில் பேச்சு கிளம்பிவிடும். அதை நம்பி வீட்டுக்குக் கூரை போட, நிலம் பிடிக்க, கல்யாணம் முடிக்கக் கடன் வாங்கத் தொடங்குவார்கள். அந்தப் பணம் நான்கு ஆண்டு கழித்து, வேலை இல்லாமல் வீடு திரும்பக்கூடிய ஒரு 23 வயதுப் பையனுக்கு வருவது. நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் பேர் வரைதான். மற்றவர்களுக்கு அதுதான் அடுத்த வாழ்க்கைக்கு மூலதனம். அதன் மேல் இன்றைக்கே யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சம்பளம் சேர்ந்த மாதமே வந்துவிடும் என்றும் இருக்காதீர்கள். கணக்கு, ஆவணம் எல்லாம் சரிபார்த்து ஏறத் தாமதமாகலாம். பைக் தவணை இருக்கிறதா? இருந்தால் பைக்கை விற்றுத் தவணையை அடைத்துவிடலாம். இல்லையென்றால் இரண்டு மூன்று மாதத் தவணையைக் கணக்கில் போட்டு வைத்துவிட்டுப் போகட்டும். புதுக் கடன் எதுவும் வேண்டாம்.

15 அக்டோபர், இரவு

மேலே "வேலை இல்லாமல் வீடு திரும்பக்கூடிய" என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார், சேரப் போகும் பையனை ஏன் பயமுறுத்துகிறீர்கள் என்று. பயமுறுத்தவில்லை. எங்கள் காலத்தில் 15 ஆண்டு முடித்தால் சாகும் வரை பென்ஷன். ஓய்வு பெறும்போது யோசித்தால் போதும். இவர்களுக்கு அந்த வசதி இல்லை. பையன் போகும்போதே திரும்பி வரும் நாளையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பிளஸ் டூ முடித்தவன் என்றால் இக்னோவில் அக்னிவீரர்களுக்கென்றே ஒரு பட்டப் படிப்பு வைத்திருக்கிறார்கள், பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் பாதி, பணியில் பெறும் பயிற்சியிலிருந்தே கணக்கில் வரும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 2022இல் 10 சதவீத ஒதுக்கீடு அறிவித்தார்கள். சான்றிதழ்களை அம்மாவின் பீரோவில் ஒரே ஃபைலில் வைத்துவிட்டு, நகல்களையும் எடுத்துக்கொண்டு போகட்டும். அசலில் எதைக் கொண்டுவரச் சொல்கிறார்களோ அதை மட்டும் கையில் எடுத்தால் போதும்.

16 அக்டோபர்

பெயர். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

நம் ஊரில் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் அப்பா பெயர் முழுதாக, பான் கார்டில் வேறு மாதிரி. அம்மா பெயர் ஒன்றில் செல்வி, ஒன்றில் தமிழ்ச்செல்வி. ஊரில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. பட்டாளத்தில் முதல் நாள் எழுதும் பெயர்தான் கடைசி வரை. அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, நாமினி எல்லாம் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறிவிடும். பிறகு ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் பிரமாணப் பத்திரம், பார்ட் டூ ஆர்டர் (பதிவேட்டு மாற்றத்துக்கான ராணுவ ஆணை) என்று மாதக்கணக்கில் இழுக்கும். அக்னிவீரருக்கு 48 லட்சம் ஆயுள் காப்பீடு இருக்கிறது, அதற்குத் தனியாகப் பணம் பிடிப்பதில்லை. அந்த நாமினி இடத்தில் இருக்கும் பெயரும் அம்மாவின் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டாமா? ஆதார் மையத்துக்கு எப்படியும் போகிறீர்கள், அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

18 அக்டோபர்

உடம்பைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி.

ஓட்டத்தை இப்போது கூட்ட வேண்டாம். அகாடமிப் பையன்கள் கடைசி மாதத்தில் காலை மாலை இரண்டு நேரமும் தார்ச் சாலையில் ஓடி, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலியோடு வந்து சேர்கிறார்கள். அங்கே பூட்ஸ் போட்டு டிரில், சிமெண்ட் தரையில் காலை ஓங்கி மிதிக்க வேண்டும். ஏற்கெனவே வலிக்கும் எலும்பில் கீறல் விழும். கீறல் விழுந்தால் மருத்துவமனை, ஓய்வு, அப்புறம் ஜூனியர் பேட்ச். ஒரு நாள் ஓடினால் மறுநாள் நடை, வயிற்றுக்கும் தோளுக்கும் உடற்பயிற்சி, போதும். மண் தரையில் ஓடட்டும். ஷூவோடு நடந்து பழகட்டும். செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த பாதத்துக்கு நாள் முழுக்க பூட்ஸ் என்பதே பெரிய மாற்றம். கொப்புளம் வந்தால் மறைக்கக் கூடாது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஓட்டத்தைவிட இப்போது தேவை தூக்கம். இரவு ஒரு மணி வரை ரீல்ஸ் பார்க்கும் பையனுக்கு முதல் வாரம் நரகம். இன்றையிலிருந்து பத்து மணிக்குப் படுத்து நாலரைக்கு எழச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தீபாவளி வரை கபடி, ஜல்லிக்கட்டுக் காளை, வெடி, பைக் ரேஸ் எதுவும் கிடையாது. கை உடைந்து போய் நின்றால் சேர்க்க மாட்டார்கள். நண்பர்கள் சேர்ந்து ஞாபகமாகப் பச்சை குத்திக்கொள்வதும் கூடவே கூடாது, பச்சைக்கு ராணுவத்தில் கடுமையான விதி. ஊர்ச் சண்டை எங்கே நடந்தாலும் அந்தத் தெருவுக்கே போக வேண்டாம். ஒரு எஃப்ஐஆரில் பெயர் வந்தால் போலீஸ் விசாரணையில் எல்லாம் போச்சு.

18 அக்டோபர், பின்னர்

சாப்பாடு: சப்பாத்தி, பருப்பு பழகட்டும். சோறும் கிடைக்கும், பயம் வேண்டாம். குளிர்தான் விஷயம், குன்னூர் பக்கம் நவம்பர், டிசம்பர் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளிப்பது எப்படி என்று இப்போதே பழகிக்கொள்ளலாம்.

20 அக்டோபர்

இந்தி தெரியாதே என்று தம்பி பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். வெலிங்டனில் தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ரெஜிமென்ட்டின் போர் முழக்கமே "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" தான். ஆனால் கட்டளை இந்தியில். சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தாயினே முட் (வலது பக்கம் திரும்பு), பாயேன் முட் (இடது பக்கம் திரும்பு), பீச்சே முட் (பின்னால் திரும்பு), தேஜ் சல் (வேகமாக நட), தம் (நில்). இந்த ஏழு கட்டளைகளையும் அக்காவும் தம்பியும் வாசலில் நின்று பழகினாலே முதல் வாரம் தாண்டிவிடும். எங்கள் பேட்சில் ஒருவன் "தம்" என்றால் மூச்சைத் தம் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டே நடந்து முன்னால் போனவன் முதுகில் மோதினான். உஸ்தாதே சிரித்துவிட்டார்.

எண்கள் ஒன்றிலிருந்து நூறு வரை இந்தியில் தெரிந்திருந்தால் ரொம்ப நல்லது. நேரம், எடை, ரைபிள் நம்பர், எல்லாம் எண்தான்.

22 அக்டோபர்

வீட்டுச் செய்தியை அவனுக்கு எப்படிச் சொல்வது என்பதையும் கிளம்பும் முன் பேசி முடிவு செய்யுங்கள்.

நான் கிளம்பும்போது என் அப்பா என்னை வயலுக்குக் கூட்டிப் போனார். எந்த வரப்பு யாருடையது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எல்லாம் காட்டினார். "இனிமே இது என் பாடு, உனக்கு இதைப் பத்தி நான் எழுத மாட்டேன், நீயும் கேக்காதே" என்றார். எனக்கு அது பெரிய விடுதலை. அப்பா எழுதாவிட்டால் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் மட்டும் அவனிடம் வீட்டு விஷயம் பேசட்டும். அது நீங்களாக இருந்தால் நல்லது. அம்மா நலமா, சாப்பிட்டாயா, அதோடு நிறுத்திக்கொள்ளட்டும். கடன், பங்காளித் தகராறு எதையும் அந்தப் பத்து நிமிடப் போனில் சொல்லி அவன் என்ன செய்ய முடியும்?

23 அக்டோபர், விடியற்காலை

நேற்று எழுதியது பாதிதான். அதை மட்டும் படித்தால் எல்லாக் கெட்ட செய்தியையும் மறைக்கச் சொல்கிறேன் என்று ஆகிவிடும். இரவெல்லாம் அதுவே மனதில் ஓடியது.

நான் பயிற்சியில் இருக்கும்போது என் அப்பாயி (அப்பாவின் அம்மா) இறந்துபோனார். என்னை வளர்த்தவர். அப்பா தன் வாக்குப்படி எழுதவில்லை. பயிற்சி முடிந்து ஊருக்குப் போன அன்றைக்குத்தான் திண்ணையில் அவர் இல்லாததைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. அப்பா என் நல்லதுக்குத்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இத்தனை வருடம் கழித்தும் அது ஆறவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கடன், சண்டை, பயிர் இதெல்லாம் சொல்ல வேண்டாம். அப்பா, அம்மா, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இவர்கள் உயிர் சம்பந்தப்பட்டது எதுவானாலும் சொல்லியே தீர வேண்டும் என்று அவனுக்கு முன்னாலேயே வாக்குக் கொடுங்கள். யார் யாருக்கு ஏதாவது ஆனால் தனக்குச் சொல்ல வேண்டும் என்று அவனே பெயர் சொல்லட்டும். அப்போதுதான் போன் வராத நாட்களில் அவனும் நிம்மதியாக இருப்பான்.

சேர்ந்ததும் அவனுக்கு ஆர்மி நம்பர் கொடுப்பார்கள். அந்த நம்பர், கம்பெனி பெயர், மையத்தின் தொலைபேசி எண் மூன்றையும் முதல் போனிலேயே கேட்டு வாங்கி, சுவரிலோ காலண்டரிலோ எழுதி வையுங்கள். அவசரம் என்றால் மையத்துக்கே போன் செய்து இந்த விவரத்தோடு சொல்லலாம். நம்பர் தெரியாமல் பெயரை மட்டும் சொன்னால் அத்தனை பையன்களில் யாரைத் தேடுவார்கள்?

25 அக்டோபர்

ஒரு பையன் தனியாகக் கேட்டிருந்தான், பெயர் போட வேண்டாம் என்று. ஒரு பெண்ணை விரும்புகிறான், அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், என்ன செய்வது என்று. மணமாகாதவர்களைத்தான் எடுக்கிறார்கள், அதனால் கிளம்பும் முன் ரிஜிஸ்டர் ஆபீஸ் என்ற யோசனையே வேண்டாம். அவளிடம் நேரில் பேசு. நான்கு ஆண்டு, வாரத்துக்கு ஒரு போன், ஆண்டுக்கு 30 நாள் விடுமுறை என்று உள்ளதைச் சொல். காத்திருப்பதும் இல்லாததும் அவள் விருப்பம். பதில் தெரியாமல் பேரக்கில் (வீரர்கள் தங்கும் கூடத்தில்) படுத்துக் கிடப்பதைவிட, வேண்டாம் என்ற பதிலைக் கேட்டுவிட்டு ரயில் ஏறுவது நல்லது.

சமூக வலைத்தளங்களைப் பற்றியும். 2020 ஜூலையில் ராணுவம் தன் வீரர்களை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது. தம்பி இப்போதே மூடிவிடட்டும். அழைப்புக் கடிதத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பது, ஊரில் பேனர் அடித்து அதில் மையத்தின் பெயர், சேரும் தேதி போடுவது எல்லாம் வேண்டாம். பேனர் ஆசை உங்கள் சித்தப்பாக்களுக்கு இருக்கும், "திரும்பி வந்து யூனிஃபார்மில் நிற்கும்போது வைக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

29 அக்டோபர்

ஆதார் மாறிவிட்டது, அப்பாவின் புது சிம்மில் முதல் ஓடிபி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் அவ்வளவு சந்தோஷம்.

பையில் என்ன வைப்பது என்றால், கடிதத்தில் கேட்டதை மட்டும். அதோடு ஊசி நூல், ஷேவிங் செட், பூட்டு இரண்டு, அடர்ந்த நிறத்தில் உள்ளாடை, மெல்லிய துண்டு, பாஸ்போர்ட் படம் நிறைய. மீசை கூட முளைக்காதவனும் தினமும் ஷேவ் செய்ய வேண்டும், வீட்டிலேயே நாலு நாள் பழகட்டும். பட்டன் தைக்க, சட்டை துவைக்க, அயர்ன் போட, பூட்ஸுக்குப் பாலீஷ் போட நீங்கள் சொல்லிக் கொடுங்கள். அம்மா செய்து கொடுக்க ஆசைப்படுவார், இந்த வாரம் மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கட்டும். முறுக்கு, அதிரசம் கொஞ்சமாகக் கொடுத்துவிடலாம், பேரக்கில் முதல் நாளே தீர்ந்துவிடும். நண்பன் கிடைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. தங்க மோதிரம், செயின் வேண்டாம்.

2 நவம்பர்

வழியனுப்ப எல்லோரும் வெலிங்டன் வரை போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. வேண்டாம். திருச்சியில் வாசல் வரை நீங்களும் அப்பாவும் போதும். அங்கிருந்து மொத்தமாகத்தான் அனுப்புவார்கள். வேன் பிடித்து இருபது பேர் போய், மாலை போட்டு அழுது அனுப்பினால் அவன் அந்த முகங்களையே சுமந்துகொண்டு போவான்.

அந்த வேன் காசை எடுத்து வையுங்கள். பயிற்சி முடிந்து பாசிங் அவுட் பரேடுக்குப் பெற்றோரை அழைப்பார்கள். தேதி தெரிந்ததும் குன்னூரில் அறை பதிந்துவிடுங்கள், ஏப்ரல், மே சீசனில் விழுந்தால் வாடகை எகிறும். அப்பா, அம்மா இருவரின் ஆதார் அசலும் கொண்டு போக வேண்டும், வாசலில் கேட்பார்கள். அம்மாவுக்கு மலைப் பாதையில் வாந்தி வரும் என்றால் மேட்டுப்பாளையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஏறுங்கள். ஸ்வெட்டர் இருவருக்கும்.